ராமநாதபுரம் கரையில் ரோஸ்மேரி: தொட்டிச் செடியா, பச்சைக் கொத்தா, காய்ந்த இலையா, கற்பூரவல்லியே போதுமா?

சுட்ட மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் ரோஸ்மேரி என்ற வாசனை இலையைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை என்று கரை நெடுக இருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு அந்த ருசி பழகிவிட்டது. இன்னும் சில வீடுகளில் முடிக்குத் தண்ணீர் காய்ச்ச வாங்கிய இலை மிச்சம் கிடக்கிறது. அதைக் கறியில் போடலாமா என்று கேள்வி. செடி வாங்கி வைப்பதா, பச்சைக் கொத்து வரவழைப்பதா, காய்ந்த இலையே போதுமா, எண்ணெயாகவோ உப்பாகவோ செய்து வைத்துக்கொள்வதா, இல்லை கொல்லையில் நிற்கும் கற்பூரவல்லியைக் கிள்ளிப் போட்டு முடித்துவிடுவதா? ஒவ்வொன்றுக்கும் தகுந்த வீடு உண்டு, தகாத வீடும் உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் அடுப்பில் என்ன வேகிறது என்பதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ரோஸ்மேரியின் வாசம் பெரும்பாலும் சினியோல், கற்பூரம், பைனீன் என்ற மூன்று வாசப் பொருள்களிலிருந்து வருகிறது. யூகலிப்டஸ் தைலத்தில் மூக்கைத் துளைப்பதும் சினியோல்தான். ஏலக்காயிலும் அது நிறைய உண்டு. இவை எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே கொழுப்புள்ள வெள்ளாட்டுக் கறி, தோலோடு சுடும் கோழித் தொடை, எண்ணெயில் முறுகும் உருளைக்கிழங்கு, கரியில் வாட்டும் விளமீன், பாறை, இறால், கணவாய் இவற்றோடு ரோஸ்மேரி அருமையாகச் சேரும்.

புளி கரைத்து, முண்டு மிளகாய் அரைத்து ஊற்றிய மீன் குழம்பில் அது எடுபடாது. புளிப்பும் காரமும் வாசத்தை அமுக்கிவிடும், நாக்கில் கசப்பு மட்டும் தங்கும். நெத்திலி, சூடை போன்ற பொடி மீன் சட்டியில் இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்; அதற்குள் இலை வாசம் விடாது, விடும்வரை காத்திருந்தால் மீன் காய்ந்துபோகும். நெய்ச்சோறு, பிரியாணி வகைகளில் ஏலக்காய் அந்தக் குளிர்ந்த வாசத்தை ஏற்கெனவே கொடுக்கிறது. மேலே ரோஸ்மேரியும் விழுந்தால் தைல வாடை அடிக்கும். உங்கள் வீட்டுச் சமையல் பெரும்பாலும் குழம்பும் சோறும்தான் என்றால், இந்த இலைக்காகச் செலவே செய்ய வேண்டாம் என்பதுதான் நேரான பதில்.

அடுத்து, மாதத்துக்கு எத்தனை தடவை? இரண்டு தடவைக்கு ஒரு கணக்கு, வாரத்துக்கு இரண்டு தடவைக்கு வேறு கணக்கு. ஒரு தேக்கரண்டி காய்ந்த இலை ஏறத்தாழ 1.2 கிராம். அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி போதும். 25 கிராம் பொட்டலம் வாங்கினால் 40 தடவைக்கு வரும். மாதம் இரண்டு முறை சமைக்கும் வீட்டில் அது தீர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வாசம் பறந்துவிடும். விலையைவிட இந்தக் கணக்குதான் முக்கியம்.

மூன்றாவது தண்ணீர், நான்காவது ஈரக்காற்று. கரையோரத்தில் உவர்ப்புக் கிணறுகள் நிறைய. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாள் பார்த்துக் குடம் நிரப்பும் வீட்டில் தொட்டிச் செடிக்கும் அதே குடத்திலிருந்துதான் ஊற்ற வேண்டியிருக்கும். கடற்காற்றின் ஈரமோ காய்ந்த இலையையும் உப்பையும் ஒருசேரக் கெடுக்கும்.

| வழி | எதற்கு ஏற்றது | மறைந்து நிற்கும் செலவு | எவ்வளவு நாள் தாங்கும் |
|---|---|---|---|
| காய்ந்த இலை | கறி, கோழி, உருளைக்கிழங்கு | பெரிய பொட்டலம் வாங்கி வீணாவது, அரைக்கும் வேலை | மூடிய பாட்டிலில் 6 மாதம் முதல் ஒரு வருடம் |
| பச்சைக் கொத்து | கரியில் சுடும் மீன், இறால் | வரவழைக்கும் செலவு, பாதி அழுகிப்போவது | குளிர்பெட்டியில் 10 முதல் 14 நாள், உறைபெட்டியில் சில மாதம் |
| தொட்டிச் செடி | அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பறிப்பவர்க்கு | நல்ல தண்ணீர், மழைக்காலக் காவல், செத்துப்போகும் கன்று | பிழைத்தால் பல வருடம் |
| ஊறிய எண்ணெய் | வாட்டிய ரொட்டி, மேலே தெளிக்க | கவனம் தப்பினால் நஞ்சு | பச்சை இலை போட்டது 4 நாள் |
| ரோஸ்மேரி உப்பு | வறுவல், சுட்ட மீன் | மழைக்காலத்தில் கசிந்துபோவது | 3 மாதம் |
| கற்பூரவல்லி | கறி, கோழி, பஜ்ஜி | வாசம் வேறு | எப்போதும் |

## காய்ந்த இலை

பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி. பொடியாக வாங்காதீர்கள், பொடித்ததில் வாசம் விரைவில் போய்விடும், கலப்படம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முழு இலையில் சாம்பல் கலந்த பச்சை நிறம் இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பழையது. நான்கு இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். உடனே மூக்கில் ஏறினால் வாங்கலாம், வைக்கோல் மணம் வந்தால் வைத்துவிடலாம்.

முடிக்கென்று விற்கும் இலையைப் பற்றி ஒரு வார்த்தை. செடி ஒன்றுதான். ஆனால் உணவுக்கென்று விற்கப்படாத பொட்டலம் மண், பூச்சிமருந்து எதற்கும் உணவு அளவுகோலில் பார்க்கப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள். ரோஸ்மேரித் தைலம் என்று சிறு குப்பியில் வருவது சமையலுக்கு அறவே கூடாது. செடியின் வாசம் முழுவதும் அதில் செறிந்திருக்கிறது, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தும் ஆகலாம்.

அளவு: பச்சை இலை ஒரு மேசைக்கரண்டி என்று சமையல் குறிப்பில் இருந்தால், காய்ந்தது ஒரு தேக்கரண்டி. அதாவது மூன்றில் ஒரு பங்கு. குக்கரில் வைத்தால் அதிலும் பாதி. மூடிய ஆவியில் வாசம் வெளியே போக வழியில்லாமல் கறி முழுக்க மருந்து நெடியாகிவிடும்.

காய்ந்த இலையில் பெரிய தொல்லை அதன் விறைப்பு. எவ்வளவு வேகவைத்தாலும் ஊசி மாதிரியே இருக்கும். மீனில் போட்டால் இலையா முள்ளா என்று தெரியாது. குழந்தைகள் மீனையே ஒதுக்கிவிடுவார்கள், முள்ளை இலை என்று நினைத்து விழுங்குவது அதைவிட மோசம். ஆகவே மீனுக்குக் காய்ந்த இலையை அப்படியே போடாதீர்கள். மிளகோடு சேர்த்து அம்மியிலோ சின்ன உரலிலோ இடித்துப் போடுங்கள், இல்லையென்றால் வெள்ளைத் துணியில் முடிந்து போட்டு எடுத்துவிடுங்கள்.

ஆட்டுக்கறிக்குச் செய்முறை இது. அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி இலை, ஒரு தேக்கரண்டி மிளகு, ஆறு பல் பூண்டு மூன்றையும் இடித்துக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெயைச் சிறு தீயில் வைத்து, இடித்ததை 30 விநாடி மட்டும் வதக்குங்கள். பூண்டு வெளுப்பாக இருக்கும்போதே கறியைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் புகைய விட்டால் இலை கருகும். கருகிய ரோஸ்மேரியின் கசப்பைத் தக்காளியாலும் சரிசெய்ய முடியாது, தேங்காய்ப் பாலாலும் முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் பெரிய மீன் அருகி, கறியும் கோழியும்தான் அதிகம் சமைப்போம். காய்ந்த இலை முழுதாகப் பயன்படும் காலம் அது.

சேமிக்கும்போது கொதிக்கும் சட்டிக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆவி உள்ளே போய் ஒரே வாரத்தில் பூசணம் வரும். உலர்ந்த கரண்டியால் எடுத்துப் போடுங்கள். 25 கிராம் வாங்கினாலும் இரண்டு சிறு கண்ணாடி பாட்டிலில் பிரித்து, ஒன்றைத் திறக்காமல் வையுங்கள்.

## பச்சைக் கொத்து

தமிழ்நாட்டில் ரோஸ்மேரி பயிராவது பெரும்பாலும் நீலகிரியில். அங்கிருந்து இறங்கி, மதுரை வழியாகவோ கூரியரிலோ இந்தக் கரைக்கு வந்து சேரும்போது கொத்து இரண்டு மூன்று நாள் பழையதாகிவிடும். அட்டைப் பெட்டியில் வெயிலில் கிடந்த கொத்து உள்ளே வியர்த்து, அடியிலைகள் கறுத்திருக்கும். வந்தவுடன் கறுத்ததைக் களைந்து, கழுவாமல், லேசாக நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கழுவி வைத்தால் வழவழத்துவிடும்.

ஒரு சமையலுக்கு இரண்டு விரல் நீளக் கொத்துதான் வேண்டும். விற்பவர்களோ ஒரு கைப்பிடிக்குக் குறைவாகத் தருவதில்லை. மீதியை அன்றே இலை உருவி, உறைபெட்டியில் போட்டுவிடுவது நல்லது. உறைந்த இலை கறுக்கும், வாசம் போகாது. ஆனால் புயல் நாளில் மின்சாரம் இரண்டு நாள் நின்றால் அதுவும் போச்சு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிறைய சேர்த்து வைக்காதீர்கள்.

இந்தச் செலவுக்கெல்லாம் ஈடு ஒன்று உண்டு. கரியில் சுடும் மீனுக்குப் பச்சைக் கொத்துக்கு நிகர் கிடையாது. சீமைக்கருவேலக் கரி இந்த மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கிறது, நின்று எரியும். ஒரு கிலோ முழு விளமீனைச் செதில் நீக்கி, குடல் எடுத்து, இருபுறமும் மூன்று கீறல் போடுங்கள். இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சையின் சாறு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தடவி 20 நிமிடம். எலுமிச்சை போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சதை வெளுத்துத் தளர்ந்துபோகும். இரண்டு கொத்தையும் நசுக்கிய நான்கு பல் பூண்டையும் வயிற்றுக்குள் வையுங்கள். மேலே வைத்தால் தீயில் பட்டுக் கருகும். உள்ளே இருந்தால் மீனின் சொந்த நீரிலும் கொழுப்பிலும் வெந்து வாசம் சதைக்குள் போகும். தணலின் மேல் சாம்பல் பூத்த பிறகு, ஒரு பக்கம் 8 நிமிடம், மறுபக்கம் 7 நிமிடம். கீறலில் சதை முள்ளை விட்டுப் பிரிந்தால் வெந்தது.

இலை உருவிய தடித்த காம்புகளை எறியாதீர்கள். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து இறால் கோக்கலாம். ஒரு காம்புக்கு நான்கு இறால், ஒரு பக்கம் 2 நிமிடம்.

விருந்துக்கோ நோன்புப் பெருநாளுக்கோ வருடத்தில் நாலைந்து முறை மீன் சுடும் வீட்டுக்கு, அந்தந்த வாரத்தில் கொத்து வரவழைப்பதே சிக்கனம்.

## தொட்டிச் செடி

இதன் லத்தீன் பெயருக்குக் கடலின் பனித்துளி என்று பொருள் சொல்வார்கள். கடலோரச் செடிதானே, நம் கரையில் தானாக வளரும் என்று நம்பி வாங்கித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது மத்தியதரைக் கடலோரம். அங்கே கோடை வறண்டது, மழை குளிர்காலத்தில், காற்றில் ஈரம் குறைவு, மண் கல்லும் சுண்ணாம்பும். உப்புக் காற்றை ரோஸ்மேரி தாங்கும். வெயிலையும் ஓரளவு தாங்கும். வேரடியில் தேங்கும் தண்ணீரையும், காற்றோட்டமில்லாத புழுக்கத்தையும் தாங்கவே தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நாள் நனைந்த தொட்டியில் வேர் அழுகும். மேலே இலை வாடியதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அத்தோடு செடி முடிந்தது.

வாங்கும் காலம் ஜனவரி. மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. கோடைக்கு முன் மூன்று மாதம் வேர் பிடிக்கக் கிடைக்கும். மலையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில் இருக்கும். அது நம் ஊர் ஈரத்தில் காயவே காயாது. வந்ததும் மாற்றாமல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பழக்குங்கள். பிறகு 25 முதல் 30 செ.மீ. வாயுள்ள மண்தொட்டிக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், மண்தொட்டியின் சுவர் மூச்சுவிடும்.

கலவை: கரடுமுரடான ஆற்று மணலும் செங்கல் பொடிக் கல்லும் சேர்ந்து இரண்டு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதில் உப்பு இருக்கிறது, நைசாக இறுகி நீரைப் பிடித்தும் கொள்ளும். அடித்துளையை ஓட்டுத் துண்டால் பாதி மூடி, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உவர்ப்புத் தண்ணீரை ஒன்றிரண்டு முறை ஊற்றினால் சாகாது. ஆனால் தொட்டியில் ஊற்றிய உப்பு வெளியே போக வழியில்லை, சேர்ந்துகொண்டே வரும். இலை நுனி பழுப்பாகக் கருகுவதும், தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளைப் பூப்பும் அதன் அடையாளம். அப்போது தொட்டியின் கொள்ளளவுபோல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி அடிவழியே கழுவி விட வேண்டும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இதற்கு மிக நல்லது. குடிநீரைக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் இந்த ஒரு செலவே இலையின் விலையைத் தாண்டிவிடும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பிற்பகல் வெயில் படாமல் வையுங்கள், பறிக்காதீர்கள். அக்டோபர் பிறந்ததும் ஓரம்சாய்ப்பின் கீழ் மழை படாத, காற்று ஓடும் இடத்துக்கு மாற்றுங்கள். இலையில் மாவு தூவியது போல் வெள்ளை படர்ந்தால் நெருக்கமான கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

பறிப்பதில் இரண்டு விதி. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பச்சை நுனியில் மட்டும் வெட்ட வேண்டும். இலையில்லாத மரத்தண்டு வரை வெட்டினால் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. முதல் வருடம் மாதத்துக்கு இரண்டு மூன்று கொத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். செடி நன்றாக இருக்கும்போதே, தை மாதத்தில் 10 செ.மீ. நுனிகளை வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவி ஈர மணலில் ஊன்றுங்கள். நான்கிலிருந்து எட்டு வாரத்தில் வேர்விடும். தாய்ச்செடி அடுத்த மழையில் போனாலும் கன்று கையில் இருக்கும். விதை போடுவது வீண். முளைப்பு குறைவு, வளர்ச்சியும் மந்தம்.

நல்ல தண்ணீர், மழை படாத காற்றோட்டமான ஓரம், வாரம் ஒருமுறையாவது பறிக்கும் பழக்கம் மூன்றும் இருந்தால் செடி வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

## எண்ணெயும் உப்பும்

பச்சைக் கொத்தையும் பூண்டையும் எண்ணெய் பாட்டிலில் போட்டு அலமாரியில் அழகாக நிறுத்தி வைப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் விதை இலையிலும் பூண்டிலும் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, இலையில் ஈரம் இருக்கிறது, அறையோ வெப்பம். அது பெருகி நஞ்சு உண்டாக்க இவ்வளவும் போதும். வாடையோ நிறமாற்றமோ தெரியாது. பச்சை இலை போட்ட எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். நன்கு காய்ந்த இலையில் ஈரம் இல்லாததால் ஆபத்து குறைவு: 100 மி.லி. கடலை எண்ணெயில் ஒரு தேக்கரண்டி இலை, புகையாத சிறு தீயில் 10 நிமிடம், வடிகட்டிக் குளிர்பெட்டியில். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தங்கள் வாசத்தை விட்டுக்கொடுக்காது, அவை வேண்டாம்.

இதைவிட உப்பு நல்ல வழி. உப்பளம் உள்ள மாவட்டம், கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் கல்லுப்பு, இரண்டு மேசைக்கரண்டி பச்சை இலை, துருவிய எலுமிச்சைத் தோல் கொஞ்சம். ஒன்றாக இடித்து, தட்டில் பரப்பி நிழலில் ஒரு நாள் காயவைத்துப் பாட்டிலில் அடையுங்கள். மாசியிலோ பங்குனியிலோ செய்தால் மணல் போல் உதிரும். மழைக்காலத்தில் செய்தால் கசியும். கல்லுப்பில் உள்ள மக்னீசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். வறுத்த அரிசி ஒரு தேக்கரண்டி அடியில் போட்டு வைக்கலாம். வறுத்த இறாலின் மேல் தூவ இது போதும், வேறு ரோஸ்மேரி வேண்டாம்.

## கற்பூரவல்லி

ரோஸ்மேரி, துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் கற்பூரவல்லியின் வாசம் கார்வக்ரால், தைமால் பக்கம், அதாவது ஓமத்தின் பக்கம். ரோஸ்மேரிக்கு நேர் மாற்று என்று நினைத்துப் போட்டால் ஏமாற்றம்தான். சுட்ட மீன் வயிற்றில் வைத்தால் தடித்த இலை நீர் விட்டுச் சதையைக் குழைத்துவிடும். கறியிலும் கோழியிலும் அதற்கென்று ஓர் இடம் உண்டு, அங்கே அது ரோஸ்மேரியைவிடக் குறைந்ததில்லை.

நெருக்கமான வாசம் வேண்டுமென்றால் அரைக் கிலோ கறிக்குக் கற்பூரவல்லி இரண்டு இலை, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைத் தோலின் மஞ்சள் மேற்பகுதி கால் தேக்கரண்டி, ஒரு ஏலக்காய். மிளகிலும் எலுமிச்சைத் தோலிலும் பைனீன் உண்டு, ஏலக்காயில் சினியோல். ரோஸ்மேரியின் பாதி அங்கிருந்து வந்துவிடும். ஏலக்காயை எண்ணெயில் முதலிலேயே போடுங்கள். இலையைப் பொடியாக நறுக்கி, கறி வெந்து நீர் வற்றியபின் கடைசி 5 நிமிடத்தில் சேருங்கள். முதலிலேயே போட்டால் வாசம் ஆவியோடு போய், குழைந்த இலையின் துவர்ப்பு மட்டும் கறியில் நிற்கும். எலுமிச்சைத் தோலைத் துருவும்போது வெள்ளைப் பகுதி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கசப்பு அதில்தான் இருக்கிறது.